மளிகைச் சீட்டைக் காட்டுங்கள்

மாரடைப்பு வந்து பிழைத்தவரிடம், வீட்டில் மாதம் எவ்வளவு எண்ணெய் செலவாகிறது என்று கேட்டால் சரியான பதில் வராது. அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, அவருக்குத் தெரியாது. எண்ணெய் வாங்குகிறவர் ஒருவர், சட்டியில் ஊற்றுகிறவர் ஒருவர், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் போகிறவர் இன்னொருவர். இதய வார்டில் படுத்திருப்பது பெரும்பாலும் அந்த மூன்றாமவர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். அறைக் கதவில் 'உணவியல் நிபுணர்' என்று போட்டிருந்தார்கள். வார்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. 'சாப்பாட்டு டாக்டரம்மா' என்றார்கள், கொஞ்சம் பயத்தோடு. அறுவை சிகிச்சை செய்கிறவரைப் பார்த்துக்கூட அவ்வளவு பயம் கிடையாது. அவர் நெஞ்சைத்தான் திறக்கப் போகிறார். நான் பரோட்டாவை நிறுத்தப் போகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு நாகர்கோவிலுக்குக் குடிவந்தேன். வேலை அதேதான், எண்ணெய்தான் வேறு. மதுரையில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் டால்டாவும். இங்கே தாளிப்பு முதல் வறுவல் வரை தேங்காய் எண்ணெய். கொழுப்பைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததை இந்த இரண்டு ஊர் அடுப்படிகளும்தான் எனக்குப் புரியவைத்தன.

எங்கள் தொழிலின் முதல் கருவி ஒரு கேள்வி. 'நேத்து காலையில எந்திரிச்சதுலேருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் என்ன சாப்பிட்டீங்க?' இருபத்துநான்கு மணி நேரக் கணக்கு என்பது கல்லூரியில் சொல்லிக் கொடுத்த முறை. இட்லிக்கு அது பொருந்தும். நாலு என்றால் நாலு. சோற்றுக்கும் ஓரளவு பொருந்தும். எண்ணெய் மட்டும் இந்த வலையில் விழாது. 'எண்ணெயே சேர்க்கிறதில்ல டாக்டரம்மா, லேசா தாளிக்கிறதோட சரி' என்பார் கட்டிலில் இருப்பவர். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் திரும்பி, 'மாசத்துக்கு எத்தனை பாக்கெட் வாங்குறீங்க?' என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். 'அஞ்சு பாக்கெட் ரிஃபைண்டு, அரை லிட்டர் நல்லெண்ணெய், ரேஷன்ல பாமாயில் ஒண்ணு.' வீட்டில் எத்தனை பேர்? நாலு பேர்.

அங்கேயே தாளில் போட்டுக் காட்டுவேன். ஆறரை லிட்டர். லிட்டருக்கு 910 கிராம் என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். மொத்தம் ஏறக்குறைய 5,900 கிராம். நாலு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. ஆக 450 கலோரி, அதாவது ஏழெட்டு இட்லிக்குச் சமம், 'லேசான தாளிப்பில்' போய்விடுகிறது. உடலுழைப்பு குறைந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 25 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் சமையல் எண்ணெய் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2010 பரிந்துரை. இதய நோயாளிக்கு நான் அதையும் குறைத்துச் சொல்வது வழக்கம்: ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நாள் கணக்கில் 15 கிராம், மூன்று டீஸ்பூன்.

ஆனால் 'மூன்று டீஸ்பூன்' என்று சீட்டில் எழுதிக் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. எந்த வீட்டிலும் டீஸ்பூனால் எண்ணெய் ஊற்றுவதில்லை. பாக்கெட்டின் மூலையை வெட்டித் தூக்கில் ஊற்றி வைப்பார்கள்; தூக்கிலிருந்து கை போன போக்கில் சட்டிக்குப் போகும். அதனால் நான் தூக்கை அளவாக்கினேன். 'ஒண்ணாம் தேதி ரெண்டு லிட்டர் ஊத்தி வைங்க. முப்பதாம் தேதி வரைக்கும் அதுதான். இருபதுலேயே தீர்ந்துச்சுன்னா மிச்ச நாளைக்கு அவியல்தான், ரசம்தான்.' இந்தக் கணக்கைப் பெண்கள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். சம்பளத்தை மாதக் கடைசி வரை இழுக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சமைக்கிற பெண்மணியின் ரத்தத்தை யாரும் பரிசோதிப்பதில்லை. வறுவல் முடிந்த சட்டியில் ஒட்டியிருக்கும் மசாலாவையும் எண்ணெயையும் வீணாக்க மனமில்லாமல், அதில் சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுகிறவர் அவர்தான். ருசியும் அதில்தான் இருக்கிறது, நானும் சாப்பிட்டிருக்கிறேன். பெண்களுக்கு மாரடைப்பு பல நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது. மூச்சு வாங்கும், அசதியாக இருக்கும், முதுகு வலிக்கும். 'வேலை அதிகம்' என்று சொல்லி இரண்டு நாள் தள்ளிப் போடுவார்கள். நோயாளிக்கு ஆலோசனை சொல்லி முடித்ததும், கூட வந்த அம்மாவையும் லிப்பிட் பரிசோதனைக்கு எழுதச் சொல்லி மருத்துவரைக் கேட்பது என் வழக்கமாயிற்று.

எவ்வளவு என்பது முடிந்ததும் எந்த எண்ணெய் என்ற கேள்வி வரும். உண்மையில் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் வேண்டுமென்றே இரண்டாவதாக வைப்பேன்.

எந்த எண்ணெயும் ஒரே வகைக் கொழுப்பால் ஆனதல்ல. நிறைவுற்ற கொழுப்பு, ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு, பன்மடங்கு நிறைவுறாக் கொழுப்பு மூன்றும் எல்லாவற்றிலும் கலந்தே இருக்கும், விகிதம்தான் மாறும். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்றது. நெய்யில் 60 சதவீதத்துக்கு மேல். பாமாயிலில் பாதிக்குச் சற்றுக் குறைவு. கடலை எண்ணெயில் 17 முதல் 20, நல்லெண்ணெயில் 15, சூரியகாந்தியில் 11 சதவீதம் அளவில். நிறைவுற்ற கொழுப்பைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறோம் என்பதற்கு விடை கல்லீரலில் இருக்கிறது. எல்.டி.எல் என்று ரிப்போர்ட்டில் வருகிறதே, 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்பார்கள், அதை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரலில் உண்டு. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் இதைக் கண்டுபிடித்து 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் இந்த ஏற்பிகளின் வேலை குறைகிறது. ரேஷன் கடையில் கவுன்டரைக் குறைத்தால் வரிசை தெருவுக்கு வந்துவிடும் இல்லையா, எல்.டி.எல் ரத்தத்தில் தேங்குவது அப்படித்தான். நோயாளிகளுக்கு நான் சொல்லும் உதாரணமும் இதுதான். வரிசையில் நின்றவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

கொலஸ்ட்ரால் வேறு, கொழுப்பு வேறு என்பதை விளங்கவைக்கத்தான் அதிகப் பாடுபட்டேன். தொண்ணூறுகளில் ரிஃபைண்டு எண்ணெய் பாக்கெட்டுகளில் இதயப் படத்தோடு 'கொலஸ்ட்ரால் அற்றது' என்ற வாசகம் வந்தது. அதில் பொய் இல்லை. செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கணக்கில் கொள்ளும்படியான கொலஸ்ட்ரால் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது விலங்குணவில் இருப்பது. ஆனால் அந்த வாசகத்தை மக்கள் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டார்கள். கடலை எண்ணெயில் மூன்று அப்பளம் பொரித்த வீட்டில், 'இது ஹார்ட்டுக்கு நல்லதாம்' என்று ஆறு பொரித்தார்கள். சென்னையில் நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் நடத்திய ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. சூரியகாந்தி எண்ணெய் பயன்படுத்துவோரிடம் வயிற்றுப் பருமன், ரத்தக் கொழுப்பு, சர்க்கரை எல்லாம் சேர்ந்து வரும் வளர்சிதைக் கோளாறு, மற்ற எண்ணெய் வீடுகளைவிட அதிகம் காணப்பட்டது. ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு அது; எண்ணெய்தான் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

நாகர்கோவிலில் சண்டை தேங்காய் எண்ணெயோடு. சண்டை என்பதுகூடச் சரியில்லை, மானப் பிரச்சினை. 'எங்க அப்பன், பாட்டன் எல்லாம் தேங்காண்ணெயிலதான் தின்னானுவ மேடம். அவனுவளுக்கு எல்லாம் ஆஞ்சியோவா செஞ்சீங்க?' என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பாட்டன் தினமும் தோப்பில் வேலை செய்தார், சந்தைக்கு நடந்தே போய் வந்தார், எண்ணெயைக் காசு பார்த்துச் செலவழித்தார். திடீரென்று விழுந்து செத்த பாட்டன்களுக்கு ஈ.சி.ஜி எடுத்து வைத்தவர்களும் யாருமில்லை.

ஆராய்ச்சி இரண்டு பக்கமும் இருக்கிறது என்பார்கள். கொச்சியில் இதய நோயாளிகள் 200 பேரை வைத்து இரண்டு ஆண்டு பார்த்தார்கள்; தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் சூரியகாந்தி சாப்பிட்டவர்களுக்கும் கொழுப்பு அளவில் வேறுபாடு தெரியவில்லை. 2016இல் வந்த இந்த முடிவை வெட்டி எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அவர்கள் கவனிக்காதது, அந்த நோயாளிகள் வழக்கமான இதய மருந்துகளோடு இருந்தவர்கள் என்பது. 2020இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்-ஐச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டுவது தெரிந்தது. 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல்-உம் சற்றுக் கூடுகிறது, ஆனால் எச்.டி.எல் கூடினால் மாரடைப்பு குறையும் என்ற பழைய நம்பிக்கைக்கு மருந்து ஆய்வுகளில் ஆதரவு கிடைக்கவில்லை.

என் தீர்ப்பு இது. தேங்காய் எண்ணெய் விஷமும் இல்லை, மருந்தும் இல்லை. ஆரோக்கியமானவர் அளவாகச் சாப்பிடட்டும். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது முதன்மை எண்ணெயாக இருக்கக் கூடாது. நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 22 கிராம். அமெரிக்க இதயச் சங்கம் இன்னும் இறுக்கி 13 கிராமில் நிறுத்துகிறது. மூன்று டீஸ்பூன் தேங்காய் எண்ணெயிலேயே அந்த 13 வந்துவிடும். பால், துருவிய தேங்காய், மீன்குழம்பில் அரைத்து விட்டது எல்லாம் அதற்கு மேல். 100 கிராம் தேங்காயில் 33 கிராம் கொழுப்பு இருக்கிறது. அதே மூன்று டீஸ்பூன் நல்லெண்ணெயில் நிறைவுற்றது 2 கிராம்தான். ஆகவே நான் செய்த சமரசம்: வறுவல், பொரியல் எல்லாம் கடலை எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ, அவியலை இறக்கும்போது மட்டும் மேலாக ஒரு டீஸ்பூன் பச்சைத் தேங்காய் எண்ணெய், கறிவேப்பிலையோடு. வாசனை அந்த ஒரு டீஸ்பூனில் முழுதாக வந்துவிடும். இதற்குக் கட்டுப்படாத குமரி மாவட்டத்து வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. நேந்திரங்காய் சிப்ஸ் விஷயத்தில் மட்டும் நான் இன்றுவரை ஜெயிக்கவில்லை.

மதுரைக்குத் திரும்புகிறேன். அங்கே என் எதிரி டால்டா. திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கட்டியாக்கும் முறைக்கு ஜெர்மானியர் வில்ஹெல்ம் நார்மன் 1902இல் காப்புரிமை பெற்றார். 1937இல் நெய்க்கு மலிவான மாற்றாக டால்டா இந்தியச் சந்தைக்கு வந்தது. பெயர் அப்படியே வனஸ்பதிக்கே ஆகிவிட்டது. அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது டிரான்ஸ் கொழுப்பு உருவாகிறது. நெதர்லாந்தில் மென்சிங்க், காட்டன் என்ற இருவர் 1990இல் இதை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, கெட்டதான எல்.டி.எல்-ஐ ஏற்றி நல்லதான எச்.டி.எல்-ஐ இறக்குகிறது என்று காட்டினார்கள். நான் படித்து முடித்த சமயம் அது. எங்கள் பாடப்புத்தகத்தில் வனஸ்பதி இன்னமும் 'தாவரக் கொழுப்பு' என்ற நல்ல பெயரோடுதான் இருந்தது.

டென்மார்க் 2003இல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. நாம் மெதுவாக இறங்கினோம்: எண்ணெய்களிலும் வனஸ்பதியிலும் முதலில் 10 சதவீதம், பிறகு 5, 2021இல் 3, 2022 முதல் 2 சதவீதம். இது பெரிய சாதனைதான். ஒரு சட்டம் செய்ததை என் போன்ற ஆயிரம் பேர் சீட்டு எழுதிச் செய்திருக்க முடியாது. ஆனால் பேக்கரிக்காரருக்கு இன்னமும் அறை வெப்பத்தில் உறைந்திருக்கும் கொழுப்பு தேவை. டிரான்ஸ் போன இடத்தைப் பெரும்பாலும் பாமாயில் சார்ந்த கட்டிக் கொழுப்பு நிரப்புகிறது, அது நிறைவுற்றது. பப்ஸ் சாப்பிட்ட பிறகு மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒரு படலம் ஒட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். வாயின் சூட்டிலும் உருகாத கொழுப்பு அது. லேபிளைப் படிக்கத் தெரியாதவருக்கும் நாக்கு இருக்கிறது.

வடைக் கடை எண்ணெய் தனிக் கதை. காலையில் ஊற்றிய எண்ணெயில் மாலை வரை வடை, பஜ்ஜி. குறையக் குறையப் புதிதை மேலே விடுவார்கள். சட்டி ஒருபோதும் காலியாவதில்லை. பலமுறை காய்ந்த எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்களுக்கு மொத்தத் துருவச் சேர்மங்கள் என்று பெயர். 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. டீக்கடையில் யார் அளப்பது? நுரை கட்டினால், பிசுபிசுத்தால், கருத்துப் புகைந்தால் கடையை மாற்றுங்கள் என்பேன். வீட்டில் தீபாவளிக்குப் பலகாரம் சுட்ட எண்ணெயை ஒரு மாதம் தாளிப்புக்கு வைத்திருப்பவர்களிடமும் இதைத்தான் சொல்வேன். கொட்ட மனசு வராது என்று தெரியும். அதற்கு ஒரே வழி, சின்னச் சட்டியில் குறைவாக ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுவதுதான்.

குறைப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இன்னொரு பக்கம் கெடும். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஆஞ்சியோவுக்குப் பிறகு எண்ணெயை அறவே விட்டார். காய்ந்த சப்பாத்தி, நிறையச் சோறு, பசித்தால் ரஸ்க். அடுத்த பரிசோதனையில் எல்.டி.எல் இறங்கியிருந்தது, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறியிருந்தது, சர்க்கரையும் எல்லையைத் தொட்டது. அவருக்குக் கோபமான கோபம். கொழுப்பை எடுத்த இடத்தில் மாவுச்சத்தை வைத்தால் கல்லீரல் அதையே டிரைகிளிசரைடாக மாற்றி அனுப்பும். தட்டில் சோற்று மலை உள்ள நம் ஊரில் இது சாதாரணம். எதை விட்டோம் என்பதைப் போலவே அதன் இடத்தில் எதைச் சாப்பிட்டோம் என்பதும் கணக்கில் வரும். ரஸ்க்கை நிறுத்திவிட்டு ஒரு கைப்பிடி வேர்க்கடலை, மதியம் ஒரு கிண்ணம் கூடுதல் காய், சோறு பாதி என்று மாற்றினோம். இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயும் தோசைக்குத் திரும்பியது. மனைவிதான் முதலில் சிரித்தார்.

இதற்கு நேர் எதிர்க் கோஷ்டியும் வந்தது, வெண்ணெயும் நெய்யும் கறியும் மட்டுமே சாப்பிட்டு. எடை குறைந்திருக்கும், சர்க்கரை இறங்கியிருக்கும், டிரைகிளிசரைடு அழகாக இருக்கும். அதை மறுக்க மாட்டேன். ஆனால் சிலருக்கு எல்.டி.எல் 200ஐத் தாண்டி நிற்கும். 'அது நல்ல வகை எல்.டி.எல் மேடம்' என்று சொல்லிக் கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டுவார்கள். ரத்தக்குழாய் அந்த வீடியோவைப் பார்ப்பதில்லை.

ஆலிவ் எண்ணெய் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்பெயினில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வில் ஆலிவ் எண்ணெயோ பருப்பு வகைக் கொட்டைகளோ சேர்த்த உணவு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை மொத்தமாகப் பார்க்கும்போது குறைத்தது உண்மை. நம் கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் இருக்கிறது. கடன் வாங்கி ஆலிவ் வாங்க வேண்டாம். மரச்செக்கு எண்ணெய் வாங்கலாமா என்றால், வாங்கலாம். மணம் நன்றாக இருக்கும், சுத்திகரிப்பில் போகிற சில நல்ல பொருள்கள் தங்கியிருக்கும். கொழுப்பின் விகிதம் மட்டும் மாறாது. விலை கூட என்பதால் கை தானாகச் சுருங்குகிறது. அதன் மிகப் பெரிய நன்மை அதுதான் என்று நினைக்கிறேன். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு, மாத்திரை வடிவில் விற்கும் ஒமேகா-3 எல்லாம் நம் கடற்கரையில் சாளை மீனாகவே கிடைக்கிறது. நெய்மீனுக்குக் கொடுக்கும் மரியாதையை யாரும் சாளைக்குக் கொடுப்பதில்லை. குழம்பாக வையுங்கள், பொரித்தால் நாம் பேசியதெல்லாம் வீண்.

கடைசியாக என் தொழிலின் எல்லையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஆட்கள் சாகிறார்கள். உணவை எவ்வளவு ஒழுங்காக மாற்றினாலும் எல்.டி.எல் பொதுவாகப் பத்துப் பதினைந்து சதவீதம் இறங்கும். ஸ்டாட்டின் மாத்திரை, அளவைப் பொறுத்து, 30 முதல் 50 சதவீதம் இறக்கும். அடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல் 70க்குக் கீழே, இப்போது பல மருத்துவர்கள் கேட்பதுபோல் 55க்குக் கீழே வர வேண்டுமானால் இரண்டும் வேண்டும். 'இப்பதான் எண்ணெயைக் குறைச்சிட்டேனே, மாத்திரை எதுக்கு?' என்று தாங்களாகவே நிறுத்தியவர்களை மறுபடி வார்டில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தசைவலியோ வேறு தொல்லையோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார். ஸ்டாட்டினை நிறுத்திய சில வாரங்களிலேயே எல்.டி.எல் பழைய அளவுக்கு ஏறிவிடும்.